மூன்றாம் அத்தியாயத்துப் படத்தை இன்னொரு தடவை எடுத்துக் காட்டு

நீங்கள் கேட்டதை என் சொற்களில் ஒரு தடவை சொல்லிப் பார்க்கிறேன். பதுளைப் பக்கம் புதிதாக விரிவுரையாளராகச் சேர்ந்திருக்கிறீர்கள். கணிப்பு அறிவியலில், அதாவது கணினியில் கணக்கிட்டுச் செய்யும் ஆராய்ச்சியில், கலாநிதிப் பட்டத்துக்குப் பதிந்த ஐந்து பேர் இருக்கிறார்கள், ஆளுக்கொரு கோட் குப்பையோடு. ஒரு செமஸ்டருக்குள் ஒழுங்காக மென்பொருள் எழுதப் பழக்க வேண்டும், எந்தக் கருவியில் தொடங்குவது, எந்தப் பாடத்திட்டம் நல்லது என்கிறீர்கள். ஆனால் கேள்வியின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி போட்டிருக்கிறீர்கள்: "அவர்கள் 'நாங்கள் ஐ.டி. ஆட்கள் இல்லையே சேர்' என்கிறார்கள்." உங்கள் உண்மையான கேள்வி அதுதான். கருவியைப் பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். கட்டுரை வந்தால்தான் பட்டம் என்றிருக்கும் ஒருவர் கோட்டைத் துப்புரவாக வைத்திருக்க ஏன் மெனக்கெட வேண்டும் என்பதற்குப் பதில் இல்லாமல் வகுப்புக்குள் போனால், மூன்றாவது வாரம் வெறும் கதிரைகளுக்குத்தான் பாடம் எடுப்பீர்கள். எனக்கு நடந்தது.

நான் பேராதனைப் பக்கம் இருக்கிறேன். படித்தது பௌதிகவியல், அப்புறம் ஏழு வருடம் கொழும்பில் மென்பொருள் கம்பனி வேலை, அதன் பிறகு ஒன்பது வருடமாக ஆராய்ச்சி மாணவர்களோடு. மொத்தம் முப்பது பேர் அளவில் என்னிடம் வந்து போயிருப்பார்கள். பெரும்பாலும் ஒருவர் தனியாக எழுதும், சில ஆயிரம் வரி நீளமுள்ள பைதன் கோட், கொஞ்சம் மெட்லெப், இரண்டு பழைய போர்ட்ரான். ஆயிரம் பிராசசரில் ஓடும் பெரிய மாடல்கள் என் கைக்கு வந்ததில்லை. ஆகவே கீழே சொல்வதை அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வருடம் நான் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறேன். கம்பனியில் பழகியதை அப்படியே கொண்டுபோய்க் கொட்டினேன். ஃபங்ஷன் இருபது வரிக்கு மேல் போகக்கூடாது, கிளாஸை இப்படிப் பிரிக்க வேண்டும், வரிக்கு இத்தனை எழுத்துத்தான் என்று ஸ்லைட் ஸ்லைடாக. எல்லாம் நல்ல விஷயம்தான், ஆனால் அதெல்லாம் ஒரு கோட்டில் இருபது பேர் வேலை செய்யும் இடத்துக்கு, வாடிக்கையாளர் வாரத்துக்கு ஒன்று கேட்கும் இடத்துக்குப் பிறந்த சட்டங்கள். ஆராய்ச்சியில் என்ன கேட்கிறோம் என்பதே எழுதி முடித்த பிறகுதான் பாதிக்குத் தெரியவரும், எழுதிய கோட்டில் பெரும்பகுதி குப்பைக்குத்தான் போகும். ஒரு பிள்ளை முகத்துக்கு நேரே கேட்டது: "சேர், கோட் ஓடுதுதானே, படமும் வருது, இதை அழகாக்கினா என்ன கூடக் கிடைக்கும்?" என்னிடம் பதில் இருக்கவில்லை. "நல்ல பழக்கம் தங்கச்சி" என்று சொன்னேன். அடுத்த கிழமை அவர் வரவில்லை.

இப்போது முதல் நாள் ஒரே ஒரு வேலைதான் கொடுக்கிறேன். ஆறு மாதத்துக்கு முந்தி மேற்பார்வையாளருக்குக் காட்டிய, அல்லது மாநாட்டுக்கு அனுப்பிய ஒரு படத்தை எடுத்து வா, இந்த அறையில் உட்கார்ந்து அதே படத்தை இன்னொரு தடவை எடுத்துக் காட்டு, இரண்டு மணித்தியாலம் தருகிறேன். அவ்வளவுதான். எல்லோரும் சிரித்துக்கொண்டே லெப்டொப்பைத் திறப்பார்கள். முதல் பத்து நிமிடம் கலகலப்பு, அப்புறம் அறை அடங்கிவிடும். போல்டருக்குள் 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'ஃபைனல் புதுசு', 'ஃபைனல் சேர் சொன்னது' என்று நாலு ஸ்கிரிப்ட், எது அந்தப் படத்தைப் போட்டது என்று தெரியாது. தெரிந்தாலும் மழைத் தரவு இருந்த எக்செல் பைலை இடையில் கையால் திருத்தியிருப்பார்கள். அதுவும் கிடைத்தால், கோட் பயன்படுத்தும் லைப்ரரியின், அதாவது பிறர் எழுதி வைத்த கோட் தொகுப்பின், பதிப்பு மாறியிருக்கும். கோட்டின் நடுவில் 0.35 என்று ஒரு எண் நிற்கும், அது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஆள் கூரையைப் பார்ப்பார். இதுவரை நான் பார்த்தவர்களில் நாலைந்து பேர்தான் அந்த இரண்டு மணித்தியாலத்துக்குள் முடித்தார்கள், அதிலும் ஒருவருடைய படம் பழைய படத்தோடு ஒத்துப்போகவில்லை. பழையதா புதியதா சரி என்று அவரிடமே கேட்டேன். அன்று இரவு அவர் தூங்கவில்லை என்று பிறகு சொன்னார். அந்த ஒரு கேள்விக்குப் பிறகு 'ஏன்' என்ற பேச்சு வகுப்பில் எழுந்ததே இல்லை.

இது ஏதோ எங்கள் பிள்ளைகளின் அலட்சியம் என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் ஜெஃப்ரி சாங் என்ற புரதக் கட்டமைப்பு ஆராய்ச்சியாளர், துறையில் பெரிய பெயர், தன் ஆய்வுகூடத்தில் பயன்படுத்திய ஒரு சின்ன புரோகிராம் இரண்டு நிரல் தரவை இடம் மாற்றிப் போட்டதால் கட்டமைப்பே தலைகீழாக வந்திருப்பதைக் கண்டுபிடித்து, 2006இல் கட்டுரைகளைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. 2019இல் வேதியியலில் இன்னொன்று: பலரும் பயன்படுத்திய ஒரு பைதன் ஸ்கிரிப்ட், போல்டரில் உள்ள பைல்களை ஒப்பரேட்டிங் சிஸ்டம் எந்த வரிசையில் கொடுக்கிறதோ அந்த வரிசையிலேயே எடுத்துக்கொண்டது. விண்டோஸில் ஒரு விடை, லினக்ஸில் வேறு விடை. வரிசைப்படுத்த ஒரு சொல் போட்டிருந்தால் முடிந்திருக்கும். இந்த இரண்டிலும் கோட் ஓடியது, பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. கம்பனியில் கோட் பிழை விட்டால் பெரும்பாலும் யாராவது போன் எடுத்துக் கத்துவார். ஆராய்ச்சியில் பிழையான எண் அழகான நிறத்தில் படமாகி அத்தியாயத்துக்குள் போய் உட்கார்ந்துவிடும்.

ஆகவே நான் நிச்சயமாகச் சொல்லக்கூடிய முதல் விஷயம்: துப்புரவு என்பதை அழகிலிருந்து தொடங்காமல் 'இந்த எண்ணை எப்படி நம்புவது' என்பதிலிருந்து தொடங்குங்கள். அதற்கு டெஸ்ட், அதாவது விடை தெரிந்த ஒரு கணக்கைக் கொடுத்து கோட் அதே விடையைத் தருகிறதா என்று பார்ப்பது. அதுவும் பாடப்புத்தகத்தில் வரும் இரண்டும் மூன்றும் ஐந்து மாதிரி டெஸ்ட் வேண்டாம், அவரவர் ஆராய்ச்சியின் கோட்டிலேயே.

ஒரு உதாரணத்தைக் கிட்ட நின்று பார்ப்போம். மண்சரிவு பற்றி ஆராய்ந்த ஒரு மாணவர் இருந்தார். 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தைத் தோட்டத்தில் நடந்த மண்சரிவுக்குப் பிறகு வந்த பிள்ளைகளில் பலருக்கு இது வெறும் தலைப்பு இல்லை. சரிவின் காப்புக் காரணியைக் கணக்கிடும் ஃபங்ஷன் ஒன்று எழுதியிருந்தார். ஒன்றுக்குக் கீழே போனால் சரியும், மேலே இருந்தால் நிற்கும். இதற்கு என்ன டெஸ்ட் எழுதுவது, விடை தெரியாமல்தானே ஆராய்ச்சி செய்கிறோம் என்றார். நியாயமான கேள்வி, எல்லோரும் கேட்பது. முழு விடை தெரியாதுதான், ஆனால் சில மூலைகளில் விடை தெரியும். மண்ணுக்குப் பிணைவே இல்லை, காய்ந்த நிலை, நீளமான ஒரே சீரான சரிவு என்றால் காப்புக் காரணி என்பது உராய்வுக் கோணத்தின் டேனைச் சரிவுக் கோணத்தின் டேனால் வகுப்பது மட்டும்தான். அப்படியானால் இரண்டும் 30 பாகை என்று கொடுத்தால் விடை சரியாக 1 வர வேண்டும். கொடுத்துப் பார்த்தார், வந்தது, முகத்தில் வெற்றி. சரி, இப்போது 35ம் 25ம் கொடு என்றேன். கல்குலேட்டரில் 1.50. கோட்டில் மைனஸ் 3.55. கணினியின் டேன் கோணத்தை ஆரையன் என்ற அலகில்தான் எடுக்கும், இவர் பாகையை ஆரையனாக மாற்றாமலே டேனுக்குள் போட்டிருக்கிறார். இரண்டு கோணமும் ஒன்றாக இருந்தபோது பிழையும் பிழையும் வெட்டிக்கொண்டு 1 வந்துவிட்டது. மைனஸ் வந்ததால் இங்கே பிடிபட்டது. வேறு கோணங்களில் நம்பும்படியான ஒரு எண் வந்திருக்கும், அதற்கு மேல் மழையும் நிலத்தடி நீரும் சேர்ந்து பிழையை மூடியிருக்கும். அந்த அரை மணித்தியாலத்தில் அவர் இரண்டு விஷயம் படித்தார்: டெஸ்ட் எழுதுவது எப்படி என்பது ஒன்று, சமச்சீரான இடத்தில் வைக்கும் டெஸ்ட் ஏமாற்றும் என்பது இன்னொன்று. இரண்டாவதை நான் ஸ்லைடில் பத்துத் தடவை சொல்லியிருந்தாலும் ஏறியிருக்காது.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்த எனக்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. என் அம்மா தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுத்தவர். காலை, பகல், அந்தி என்று நிறுவை. ஒவ்வொரு நிறுவையிலும் தராசில் பார்த்த கிலோவை அம்மா மனதில் போட்டுக்கொண்டே வருவார், மாதக் கடைசியில் சம்பளத் துண்டில் உள்ள கூட்டுத்தொகை தன் கணக்கோடு ஒத்துப்போகாவிட்டால் நேரே கணக்கப்பிள்ளையிடம் போய் நிற்பார். துண்டு அச்சடித்து வந்தது என்பதற்காக அவர் நம்பியதில்லை. உன் கோட் தருகிற எண் ஒரு துண்டு, அதைச் சரிபார்க்க வேறு வழியில் வந்த ஒரு கணக்கு உன் கையில் இருக்க வேண்டும் என்று சொன்னால், தோட்டத்திலிருந்து வந்த பிள்ளைக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படுவதில்லை. நீரோட்ட மாடல் செய்பவர் என்றால் உள்ளே போன நீரும் வெளியே வந்ததும் தேங்கியதும் கூட்டிக் கழித்துப் பூச்சியம் வருகிறதா என்று பார்க்கலாம். வகையீட்டுச் சமன்பாடு தீர்ப்பவர் கட்டத்தின் அளவைப் பாதியாக்கினால் பிழை கணித முறை சொல்லும் வேகத்தில் குறைகிறதா என்று பார்க்கலாம். இரண்டாம் வரிசை முறை என்றால் கால்வாசியாக வேண்டும், பாதியாக மட்டும் குறைந்தால் எங்கோ, அனேகமாக எல்லை நிபந்தனையில், கை வழுக்கியிருக்கிறது. தசம எண்களைச் சரிசமமா என்று நேரடியாக ஒப்பிட வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுங்கள், 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.3 இல்லை என்று கணினி சொல்வதைப் பார்த்து ஒரு கிழமை சிரிப்பார்கள்.

தரவு விஷயத்தைப் பலர் தனிப் பாடமாக்குவதில்லை, நான் ஆக்குவேன், ஏனென்றால் பாதிப் பிழை அங்கேதான். இல்லாத அளவீட்டுக்கு மைனஸ் 99 என்று போட்டிருப்பதைச் சராசரிக்குள் சேர்த்துவிடுவது ஊர் உலகத்தில் எல்லோரும் செய்வது. எங்கள் நாட்டுக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. வளிமண்டலவியல் திணைக்களத்தின் மழைநாள், அதாவது மழையை அளக்கும் 24 மணித்தியாலம், காலை 8.30க்கு முடிகிறது. செய்மதி மழைத் தரவு உலகப் பொது நேரத்தில் நாள் கணக்கு வைத்தால் அந்த நாள் எங்களுக்குக் காலை 5.30க்கு முடிகிறது. விடிய இரண்டு மணிக்குத் தொடங்கி எட்டு மணி வரை 160 மில்லிமீற்றர் கொட்டியது என்று வையுங்கள், மழைமானியில் அது ஒரே நாள், செய்மதிக் கணக்கில் 90ம் 70மாக இரண்டு நாளாகப் பிரிந்துவிடலாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கைப் படிகள் 24 மணித்தியாலத்துக்கு 75, 100, 150 மில்லிமீற்றர் என்று போகின்றன, ஆக இந்த மூன்று மணித்தியால வித்தியாசம் 'வெளியேறு' என்பதை 'கவனமாக இரு' என்று ஆக்கிவிடும். போதாததற்கு 1996 மே மாதம் நாட்டு நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள், அந்த ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே இழுத்தார்கள், 2006 ஏப்ரலில்தான் பழைய இடத்துக்கு வந்தோம். அந்தப் பத்து வருட மணித்தியாலத் தரவைக் கையால் 5.30 கழித்து மாற்றிய ஸ்கிரிப்ட் ஒன்றை நானே பார்த்திருக்கிறேன். நேர வலயத்துக்கு இருக்கும் லைப்ரரியில் கொழும்பு என்று கொடுத்தால் இந்த மாற்றமெல்லாம் அதற்குத் தெரியும். மூலத் தரவை ஒருபோதும் கையால் தொடாதே, திருத்தம் எல்லாம் ஸ்கிரிப்டுக்குள் எழுது என்ற விதியை இந்தக் கதையோடு சொன்னால் மறக்க மாட்டார்கள்.

கிட், அதாவது கோட்டின் ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாறாகப் பதிந்து வைக்கும் கருவி. இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், அதுவும் இரண்டாவது வாரத்திலேயே. ஆனால் கிட்டில் நூறு கட்டளை இருக்கிறது, ஐந்து போதும். கிளைகளை இணைக்கும் வித்தையெல்லாம் தனியாக வேலை செய்யும் ஒருவருக்கு முதல் வருடம் தேவையில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது கிட்டுக்கு இன்டர்நெட் வேண்டாம் என்பதைத்தான். பலர் கிட்டையும், கோட்டை இன்டர்நெட்டில் ஏற்றி வைக்கும் தளமான கிட்ஹப்பையும் ஒன்றென்று நினைத்துக்கொண்டு, வீட்டில் சிக்னல் இல்லை அதனால் செய்யவில்லை என்பார்கள். முழு வரலாறும் உங்கள் லெப்டொப்பிலேயே இருக்கிறது. தலவாக்கலைக்கு மேலே ஒரு தோட்டத்திலிருந்து வரும் ஒரு மாணவி பென் டிரைவிலேயே இன்னொரு பிரதி வைத்து, சனி ஞாயிறு வீட்டில் செய்ததைத் திங்கட்கிழமை இங்கே வந்து மேலே ஏற்றுவார். கமிட், அதாவது ஒரு மாற்றத்தைக் கிட்டில் பதிவது, ஒவ்வொன்றுக்கும் எழுதும் செய்தியில் என்ன மாற்றினாய் என்பதை விட ஏன் என்று எழுதச் சொல்லுங்கள். 'மாற்றம்' என்று நாற்பது கமிட் வைத்திருந்தால் அது 'ஃபைனல் புதுசு'வின் தம்பி.

பெயர் வைப்பதைப் பற்றி நான் பெரிய பாடம் எடுப்பதில்லை, ஒரு கதை மட்டும் சொல்வேன். இருவர் சேர்ந்து ஒரு கோட்டில் வேலை செய்தார்கள். ஒருவர் மழைக்கு ஆங்கில எழுத்தில் 'மலை' என்று படும்படி வேரியபிள் பெயர் வைத்திருந்தார், போனில் நாங்கள் எல்லோரும் டைப் பண்ணுகிற மாதிரித்தான், ழகரத்துக்கும் லகரத்துக்கும் ஒரே எழுத்து. மற்றவர் அதை மலையின் உயரம் என்று எடுத்துக்கொண்டு மீற்றர் கணக்கில் நிரப்பிவிட்டார். நுவரெலியாவில் ஒரு மணித்தியாலத்தில் ஆயிரத்து எண்ணூறுக்கு மேல் மழை. எண் இவ்வளவு அபத்தமாக வந்ததால் தப்பினார்கள். பெயரின் வாலில் அலகையும் சேர், மழை என்றால் மில்லிமீற்றரா மீற்றரா என்று பெயரே சொல்லட்டும் என்ற ஒரு பழக்கம் வந்தால் எனக்குப் போதும்.

இனி நிச்சயமில்லாதவை. டெஸ்டை முதலில் எழுதிவிட்டுக் கோட்டைப் பிறகு எழுது என்ற முறை ஆராய்ச்சிக் கோட்டுக்குப் பொருந்துமா என்று கேட்டால், என் அனுபவத்தில் பாதிப் பாதி. சூத்திரம் தெளிவாக இருக்கும் இடத்தில் அருமையாக வேலை செய்கிறது, இன்னும் துழாவிக்கொண்டிருக்கும் கட்டத்தில் ஆளைக் கட்டிப்போடுகிறது. ஒருவர் கோட்டை மற்றவர் வாசிப்பது நல்லது என்று நம்புகிறேன், இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை தேத்தண்ணியோடு செய்கிறோம், ஆனால் அதில் பிடிபட்ட பிழைகளை விட, யாரோ வாசிக்கப்போகிறார்கள் என்ற வெட்கத்தில் முதல் நாள் இரவு அவர்களே திருத்திக்கொண்டவை அதிகம் என்பது என் ஊகம். இதையெல்லாம் செய்தால் பட்டம் சீக்கிரம் முடியும் என்று மட்டும் மாணவர்களிடம் வாக்குக் கொடுக்காதீர்கள். முதல் ஆறு மாதம் வேகம் குறையத்தான் செய்யும். செயற்கை நுண்ணறிவிடம் கோட் எழுதி வாங்குவதைத் தடுக்க நான் முயலவில்லை, முடியவும் முடியாது. அதனால் டெஸ்ட் எழுதும் பாடம் இன்னும் முக்கியமாகிவிட்டது என்றுதான் நினைக்கிறேன், எழுதியது யாராக இருந்தாலும் 35க்கும் 25க்கும் 1.50 வர வேண்டும். டெஸ்டையும் அதனிடமே வாங்குபவரை என்ன செய்வது என்று நானும் யோசித்துக்கொண்டிருக்கிறேன், இப்போதைக்கு எதிர்பார்க்கும் விடையை மட்டும் தாளில் கையால் போட்டுக் கொண்டுவரச் சொல்கிறேன்.

பாடத்திட்டம் கேட்டிருந்தீர்கள். சொஃப்ட்வெயார் கார்பென்ட்ரி என்று ஒரு முயற்சி 1998இலிருந்து இருக்கிறது, விஞ்ஞானிகளுக்காகவே, பாடங்கள் இலவசம். அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிரெக் வில்சனும் கூட்டாளிகளும் 2014இல் விஞ்ஞானக் கணிப்புக்கான 'சிறந்த' நடைமுறைகள் என்று ஒரு கட்டுரை போட்டார்கள், 2017இல் அவரும் வேறு சிலரும் 'போதுமான அளவு நல்ல' நடைமுறைகள் என்று இன்னொன்று. என் அனுபவமும் அந்தத் திசையில்தான். இரண்டாவதை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் படத்தை மறுபடி எடுப்பதும் கிட்டும், இரண்டாம் மாதம் முழுக்க டெஸ்ட், மூன்றாம் மாதம் தரவும் லைப்ரரிப் பதிப்புகளை எழுதிவைப்பதும், கடைசியில் ஒருவர் போல்டரை மற்றவரிடம் கொடுத்து அவர் லெப்டொப்பில் ஓடவைப்பது. கிளாஸ், டிசைன் பெட்டர்ன் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன், கேட்டு வருபவருக்குத் தனியாகச் சொல்வேன்.

மேற்பார்வையாளர்களை மறந்துவிடாதீர்கள். பிள்ளை கற்றுக்கொண்டு போய் டெஸ்ட் எழுதுகிறேன் என்றால் "அதெல்லாம் பிறகு, முதலில் முடிவைக் காட்டு" என்று ஒரு சொல்லில் எல்லாம் கவிழ்ந்துவிடும். அவர்களோடு வாதாட வேண்டாம். அத்தியாயத்தில் வரும் ஒவ்வொரு படமும் ஒரே கட்டளையில் மறுபடி வர வேண்டும் என்பதை மட்டும் துறைக்குள் ஒரு எதிர்பார்ப்பாக்கப் பாருங்கள், மற்றவை பின்னால் வரும். நான் இதை ஒரு துறையில் சாதித்தேன், இன்னொன்றில் மூன்று வருடமாக முயன்றுகொண்டிருக்கிறேன்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. அந்த முதல் நாள் பரீட்சையில் யாரும் அவமானப்படக்கூடாது, அது முக்கியம், வெட்கப்பட்ட பிள்ளை கோட்டை ஒளித்துக்கொள்ளும். அதனால் நான் என்னுடையதில்தான் தொடங்குவேன். என் முதுமாணி ஆய்வின் இருபத்திரண்டாம் பக்கத்தில் ஒரு வளைகோடு இருக்கிறது, எல்லோரும் பாராட்டிய வளைகோடு. அதைத் திரையில் போட்டுவிட்டு, அதைப் போட்ட ஸ்கிரிப்டைத் திறந்து எல்லோர் முன்னாலும் ஓடவிடுவேன். வருடக்கணக்காக ஓடவிடுகிறேன், பதினேழாவது வரியில் நிற்கிறது, அங்கே அது தேடும் பைல் என்னிடம் இல்லை.